கிளட்ச் பிளேட்ட மட்டும் மாத்துனா கியர்பாக்ஸ் ரெடியாயிருமா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூன்ல இருந்து எழுதுறேன். இங்க நாங்க உங்க பேப்பர போன்லதான் படிக்கிறோம், வண்டி வாங்குறது விக்கிறது பத்தி வர்றதெல்லாம் எங்க ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டே இருப்பாங்க, அதனாலதான் இத உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு. நான் தெற்கு டகோன் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்ல ஆட்டோ கியர் வேல பாக்குறேன், அதுலயும் வால்வ் பாடி, அதாவது கியர்பாக்ஸ்க்குள்ள ஆயில எங்க போகணும்னு பிரிச்சு விடுற வால்வுங்க இருக்குற பகுதி, அந்த வேலதான் பெரும்பாலும் என் கைக்கு வரும். ஒவ்வொரு வெயில் காலத்துலயும் வேற எங்கயோ பிரிச்சு மாட்டுன கியர்பாக்ஸ் திரும்ப எரிஞ்சு போயி எங்ககிட்ட வருது. பிளேட் புதுசு, சீல் புதுசு, ஆயில் புதுசு, எல்லாம் சில மாசத்துக்குள்ள கருகிப்போயி நாத்தம் அடிக்குது. வண்டிக்காரர் லட்சக்கணக்குல ச்சாட் (எங்க நாட்டு காசு) குடுத்துட்டு வந்து நிக்கிறாரு. இதுல பாதிக்கு மேல காரணம் ஒரு வெரல் அளவு வால்வுதான், பிரஷர் ரெகுலேட்டர் வால்வு, அத யாரும் சோதிக்காம மாட்டிர்றாங்க.

எங்க நாட்டு நெலமைய கொஞ்சம் சொல்லணும். 2011 கடைசில பழைய வண்டிய ஒப்படைச்சா புது வண்டி எறக்க பர்மிட் குடுக்குற திட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் ஜப்பான் பழைய வண்டி மழை மாதிரி எறங்குச்சு. ப்ரோபாக்ஸ், ஏடி வேன், ஃபிட், விஷ், மார்க் டூ, சர்ஃப், பஜேரோ, தெருவெல்லாம் அதுதான், அதுக்கு முன்னாடி கிளட்ச் மிதிச்சு ஓட்டுன டாக்ஸிக்காரங்க எல்லாரும் ஆட்டோ கியருக்கு மாறுனாங்க. இப்ப அந்த வண்டியெல்லாம் கெழவனாயிருச்சு. வலது பக்க ஸ்டீயரிங் வண்டி எறக்கவும் தடை வந்துருச்சு, புதுசு வாங்க டாலர் கெடைக்கல, அதனால இருக்குறத பிரிச்சு பிரிச்சு மாட்டித்தான் ஓட்டணும். மியாவாடி வழியா தாய்லாந்து சாமான் வர்ற ரோடும் எப்ப தெறந்திருக்கும் எப்ப மூடிருக்கும்னு யாருக்கும் சொல்ல முடியாது. அப்படி ஒரு காலத்துல ஒரு கியர்பாக்ஸ ஒழுங்கா ஒரு தடவ பிரிச்சு மாட்டுறதுங்கறது சாதாரண விஷயம் இல்ல, ஒரு குடும்பத்தோட சோறு அதுலதான் இருக்கு.

பெகுல இருந்து ஒரு பெரியவர் ப்ரோபாக்ஸ் கொண்டாந்தாரு. அவரும் அவர் மகனும் மாத்தி மாத்தி ஓட்டுற வண்டி. வேற ஒரு எடத்துல கியர்பாக்ஸ பிரிச்சு எல்லாம் புதுசு போட்டு வாங்கிருக்காரு. காலையில எடுத்தா பட்டு மாதிரி போகுது தம்பி, மத்தியானம் ஜாம்ல மாட்டி நின்னு கெளம்புறப்ப இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது, அப்புறம் டக்குனு புடிச்சு இழுக்குதுன்னாரு. பீலிக்கான் கோயிலுக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டு தன்லின் பாலத்துல ஊர்ந்து போனப்பதான் மொத மொதல்ல அப்படி ஆச்சாம். மாட்டிக்குடுத்த எடத்துக்கு திரும்ப போயி கேட்டதுக்கு நீங்க ஓட்டுற விதம் சரியில்ல, ஓவர் லோடு ஏத்துறீங்கன்னு சொல்லி ஆயில மட்டும் மாத்தி அனுப்பிட்டாங்க. அந்த மனுசன் வாழ்நாள் பூரா வண்டி ஓட்டுனவரு, அவர் மூஞ்சிய பாத்து அப்படி சொல்ல எப்படித்தான் மனசு வந்துச்சோ.

நாங்க மொதல்ல எதையும் பிரிக்கல. வண்டிய நல்லா சூடாக்கி, கியர்பாக்ஸ் கேஸ்ல இருக்குற டெஸ்ட் போல்ட்ட கழட்டி, அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டுனோம். டி-ல போட்டு ஐடில்ல, அதாவது ஆக்ஸிலேட்டர மிதிக்காம வச்சா முள்ளு கம்பெனி ரிப்பேர் புத்தகத்துல (மேனுவல்) போட்டுருக்குற அளவுக்கு கீழதான் நிக்குது, அதுவும் நிக்காம நடுங்குது. பிரேக்க அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர் குடுத்தா பிரஷர் மளமளன்னு ஏறணும், இது ஏறுது, ஆனா பாதி வழியிலயே தொவண்டு போகுது. லைன் பிரஷர, அதாவது பிளேட்ட அழுத்திப் புடிக்கிற ஆயில் பிரஷர, கண்ட்ரோல் பண்ற சொலினாய்டோட (கரண்ட்ல வேல செய்ற வால்வு) வயர கழட்டிப் பாத்தோம், பெரும்பாலான கியர்பாக்ஸ்ல அந்த வயர கழட்டுனா பாதுகாப்புக்காக பிரஷர் தானா உச்சத்துக்குப் போகும், இதுல முள்ளு கொஞ்சம்தான் அசைஞ்சுச்சு. அப்ப கோளாறு கரண்ட்ல இல்ல, கம்ப்யூட்டர்ல இல்ல, ஆயில் ஓடுற பாதையில எங்கயோ ஒழுகுதுன்னு அங்கயே முடிவாயிருச்சு. அடியில இருக்குற ஆயில் பேன (தட்டு) கழட்டி வால்வ் பாடிய எறக்கி, ரெகுலேட்டர் வால்வ வெளிய எடுத்துட்டு அந்த தொளைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா, ஒரு பக்கச் சுவர் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்குது. வால்வு தேச்சு தேச்சு அலுமினியம் அரிச்சுப் போன எடம் அது. வால்வ திரும்ப உள்ள விட்டு வெரலால ஆட்டுனா லொட லொடன்னு ஆடுது.

இந்த வால்வு என்ன வேல செய்யுதுன்னு வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு நான் நெனைக்கிறேன். ஆட்டோ கியர்பாக்ஸ்க்குள்ள இருக்குற ஆயில் பம்ப்ப, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்குற டார்க் கன்வெர்ட்டர்தான் சுத்துது, அதாவது இன்ஜின் ஓடுற வரைக்கும் பம்ப்பும் ஓடும், இன்ஜின் வேகமா சுத்துனா பம்ப்பும் வேகமா தள்ளும். அப்படி வர்ற ஆயில அப்படியே விட்டா வேகத்துக்கு வேகம் பிரஷர் தாறுமாறா ஏறும், அதனால நடுவுல இந்த ரெகுலேட்டர் வால்வு உக்காந்துருக்கு. ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளுது, இன்னொரு பக்கம் ஆயில் பிரஷரே தள்ளுது, பிரஷர் ஜாஸ்தியானா வால்வு நகந்து மொதல்ல கன்வெர்ட்டருக்குப் போற வழிய தெறக்கும், அதுக்கும் மேல மிஞ்சுறத பம்ப்போட உறிஞ்சுற பக்கத்துக்கே திருப்பி விட்டுரும். லோடு ஏறுனா ஆக்ஸிலேட்டருக்கு ஏத்த மாதிரி ஸ்பிரிங் பக்கத்துக்கு ஒரு உதவி பிரஷர் வரும், பழைய சர்ஃப் மாதிரி வண்டில த்ராட்டில் கேபிள் அத செய்யுது, ப்ரோபாக்ஸ் மாதிரி வண்டில சொலினாய்டு செய்யுது. ரிவர்ஸ்ல இன்னும் ஜாஸ்தி பிரஷர் வேணும், அதையும் இதே வால்வுதான் ஏத்திக்குடுக்கணும். கிளட்ச் பிளேட் எல்லாத்தையும் அழுத்திப் புடிக்கிறது இந்த ஒரு பிரஷர்தான்.

இன்ஜின் ஓடுற ஒவ்வொரு நிமிசமும் இந்த வால்வு முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே இருக்கும், வால்வ் பாடில மத்த எல்லா வால்வையும் விட இதுக்குத்தான் வேல ஜாஸ்தி. வால்வ் பாடி அலுமினிய வார்ப்பு. ஆயில்ல பிளேட் தூளும் இரும்புத் தூளும் கலந்து ஓடுறப்ப அது உப்புத்தாள் மாதிரி சுவத்த அரிக்குது. அரிச்ச எடத்து வழியா ஆயில் போகக்கூடாத எடத்துக்கு ஒழுகுது. எந்தப் பக்கம் ஒழுகுதுங்கறதப் பொறுத்து வியாதி மாறும். ஸ்பிரிங்க எதுத்துத் தள்ளுற பக்கம் ஒழுகுனா வால்வு லேட்டாத்தான் தெறக்கும், அப்ப பிரஷர் ஏறிப்போயி கியர் மாறுறப்ப எல்லாம் முதுகுல அடிச்ச மாதிரி தூக்கிப்போடும். உதவி பிரஷர் வர்ற பக்கம் ஒழுகுனா லோடு ஏத்துறப்ப பிரஷர் ஏறாது, பிளேட் வழுக்கும், வழுக்குன பிளேட் எரியும். மாண்டலேல இருந்து மேமியோவுக்கு மலை ஏறுற வண்டிக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும், சமதரையில ஒண்ணும் தெரியாது, மேட்டுல ஏறுறப்பதான் ஆள கொல்லும். சூடான ஐடில்ல கன்வெர்ட்டருக்கு ஆயில் சரியா போகாம பட்டினியா கெடக்குற கேஸும் உண்டு, ஆயில ஆத்துற கூலருக்குப் போறதும் அது வழியாத்தான், அதனால சூடு இன்னும் ஏறும், ஆயில் இன்னும் நீத்துப்போகும், ஒழுக்கு இன்னும் ஜாஸ்தியாகும்.

காலையில நல்லா இருக்கு மத்தியானம் வழுக்குதுங்கறதுக்கும் இதேதான் காரணம். ஆயில் சூடானா தண்ணியாகுது. இரும்பு வால்வா இருந்தா இன்னொண்ணும் சேந்துக்கும், சூட்டுல இரும்ப விட அலுமினியம் ஜாஸ்தி விரியும், அதனால தொளை பெருசாகி வால்வுக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து கூடும். ஏப்ரல் மாசம் திஞ்சானுக்கு (பர்மா புத்தாண்டு தண்ணி திருவிழா) முன்னாடி ரங்கூன் வெயில்ல ஜாம்ல நிக்கிற டாக்ஸிக்கு இதெல்லாம் ஒண்ணா சேந்து வரும். அப்படி இருக்குறப்ப ஒர்க்ஷாப்ல வண்டிய குளுந்த நெலமையில ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சாவிய குடுத்தா அது சோதனையே கெடையாது.

இப்ப நான் கேக்குறது இதுதான். எரிஞ்சுபோன பிளேட் கியர்பாக்ஸோட வியாதி இல்ல, வியாதியோட அடையாளம். பிளேட் ஏன் எரிஞ்சுச்சுன்னு கேக்காம புது பிளேட் போட்டா அதே ஒழுக்கு புது பிளேட்டயும் எரிக்கும். ஆனா நம்ம ஊர்ல ஓவர்ஹால்னு சொன்னா கிட் வாங்கி பிளேட், சீல், கேஸ்கெட் மாத்துறது, வால்வ் பாடிய பெட்ரோல்ல கழுவி திரும்ப மாட்டுறது, அவ்வளவுதான். கழுவுறதுனால அழுக்கு போகும், அரிச்ச சுவர் திரும்பி வளராது.

இன்னும் மோசமான வேலையெல்லாம் பாத்திருக்கேன், பேர் சொல்ல விரும்பல, ஆனா வண்டிக்காரங்க தெரிஞ்சுக்கணும். வால்வு ஒட்டுதுன்னு சொல்லி உப்புத்தாள வச்சு தேய்க்கிறாங்க, அப்படி தேச்சா வால்வோட வெளிம்பு மழுங்கிரும், அந்த வெளிம்பு கூர்மையா இருந்தாத்தான் தூசி இடுக்குல போயி மாட்டாம வெட்டித் தள்ளும், மேல இருக்குற கெட்டியான கோட்டிங்கும் போயிரும். பிரஷர் கம்மின்னு தெரிஞ்சா ஸ்பிரிங்குக்கு பின்னாடி வாஷர் போடுறாங்க, இல்லன்னா ஸ்பிரிங்க இழுத்து நீட்டுறாங்க. கேபிள் வண்டின்னா கேபிள இறுக்குறாங்க. டொயோட்டா மேனுவல்ல த்ராட்டில் முழுசா தெறந்து வச்சு பாத்தா கேபிள்ல இருக்குற ஸ்டாப்பருக்கும் உறை முனைக்கும் நடுவுல 0-ல இருந்து 1 மில்லிமீட்டர்தான் இருக்கணும்னு போட்டுருக்கு, இவங்க அதெல்லாம் பாக்காம இறுக்கி விட்டுர்றாங்க, வண்டி ரெண்டு வாரம் ஜோரா இழுக்கும், ஒழுக்கு அப்படியே உள்ள இருக்கும், கியர் மாறுற நேரமும் கெட்டுப்போகும். வால்வ் பாடி போல்ட்ட கை வலிக்க வலிக்க இறுக்குறது இன்னொண்ணு, அதுக்கு 10, 11 நியூட்டன் மீட்டர் போதும், அதுக்கு மேல இறுக்குனா பாடி நெளிஞ்சு நல்லா இருந்த வால்வே சிக்கிக்கும். கழுவுன வால்வ பழைய கைலித் துணியால தொடைக்கிறாங்க ஐயா, அதுல இருந்து வர்ற நூல் ஒண்ணு போதும் வால்வ நிறுத்தி வைக்க. காத்தடிச்சு காய வைக்கணும், துணியே படக்கூடாது. பேனுக்கு கேஸ்கெட் இல்லன்னு சிலிக்கான் பேஸ்ட்ட அள்ளிப் பூசுறதும் அப்படித்தான், உள்பக்கம் பிதுங்குனது பிஞ்சு போயி ஃபில்டர்ல அடைக்கும், அப்ப பம்ப் ஊளையிடும், பிரஷர் விழும்.

ஸ்கேனர் போட்டுப் பாத்தோம் கோளாறு கோட் (code) எதுவும் இல்ல, அப்ப கியர்பாக்ஸ் நல்லா இருக்குன்னு சொல்றாங்க பாருங்க, அத நம்பாதீங்க. நம்ம ஊர்ல ஓடுற பழைய வண்டி பலதுல லைன் பிரஷர அளக்குற சென்சாரே கெடையாது. கம்ப்யூட்டர் சொலினாய்டுக்கு என்ன கட்டளை குடுக்குதுங்கறதத்தான் ஸ்கேனர் காட்டும், உள்ள நெசமா எவ்வளவு பிரஷர் வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. அது தெரியணும்னா கேஜ்தான் மாட்டணும். கேஜும் ஹோஸும் ஒண்ணும் பெரிய வெல இல்ல, ஒரு கிளட்ச் கிட்டோட வெலைக்கு பக்கத்துல கூட வராது, ஆனா பாதி ஒர்க்ஷாப்ல அது இல்ல, இருக்குற எடத்துலயும் தூசி படிஞ்சு தொங்குது.

சோதிக்கிற முறையும் கஷ்டம் இல்ல. டொயோட்டா மேனுவல்ல ஆயில் சூடு 50-ல இருந்து 80 டிகிரி செல்சியஸ்ல வச்சு பாக்கச் சொல்லுது, டி-லயும் ரிவர்ஸ்லயும் ஐடில்ல ஒரு தடவ, ஸ்டால்ல, அதாவது பிரேக்க அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சு ஒரு தடவ. ஸ்டால்ல 5 செகண்டுக்கு மேல வைக்கக்கூடாது, வச்சா அந்தச் சூட்டுலயே கியர்பாக்ஸ் போயிரும், வீலுக்கு கட்டை குடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னாடி யாரும் நிக்காம பாத்துக்கணும். இது தெரிஞ்ச ஆளுதான் செய்யணும், வண்டிக்காரங்க தானா செய்ய வேண்டாம்.

வண்டிக்காரங்க தாங்களே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வண்டிய நல்லா சூடா ஓட்டிட்டு வந்து சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு ஐடில்ல விட்டு, ஏசிய ஆஃப் பண்ணிட்டு, நியூட்ரல்ல இருந்து டி-க்கு போடுங்க. லிவர் நகந்ததுல இருந்து வண்டி லேசா ஒரு குலுக்கு குலுக்குற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்ல இருக்குற ஸ்டாப் வாட்ச்ல பாருங்க, பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லது. 1.2 செகண்டுக்குள்ள புடிக்கணும். ரிவர்ஸுக்கு 1.5 செகண்டுக்குள்ள. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நிமிசம் விட்டு மூணு தடவ பாத்து சராசரி எடுக்கச் சொல்லி மேனுவல்லயே இருக்கு. இது டொயோட்டா கியர்பாக்ஸ் பலதுக்கும் போட்டுருக்குற அளவு. அதுக்கு மேல ஆச்சுன்னா பிரஷர் கம்மி, இல்ல பிளேட் தேஞ்சிருக்கு, ரெண்டுல ஒண்ணு. ப்வேஸா (புரோக்கர்) கூட்டிட்டுப் போயி காட்டுற வண்டிய வாங்குறதுக்கு முன்னாடியும் இதப் பாக்கலாம், ஆனா சூடான வண்டிலதான் பாக்கணும், குளுந்த வண்டிய காட்டுனா அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து பாப்போம்னு சொல்லுங்க.

தொளை அரிச்சுப் போயிருச்சுன்னா என்ன வழின்னு கேப்பீங்க. அதுக்குன்னே கொஞ்சம் பெரிய சைஸ் வால்வும், தொளைய நேரா பெருசு பண்ற ரீமரும் அமெரிக்கால சோனாக்ஸ் மாதிரி கம்பெனி செய்யுது, ரீமர் வளையாம போக கைடு ஜிக்கோட வரும். அத வச்சுத்தான் செய்யணும், ட்ரில் மெஷின்ல மாட்டி குடைஞ்சா வால்வ் பாடி குப்பைக்குத்தான். எல்லா மாடலுக்கும் கெடைக்காது, கெடைச்சாலும் இங்க வந்து சேர நாளாகும். இல்லன்னா ஜப்பான் பழசுல நல்ல வால்வ் பாடி ஒண்ணு பாத்து மாத்தலாம், ஆனா அதுவும் அதே வயசு வண்டில இருந்து வந்ததுதான், வேக்கம் (காத்த உறிஞ்சுற பம்ப்) வச்சு தொளைய சோதிக்காம மாட்டக்கூடாது. வேக்கம் பம்ப்ப அந்த வால்வோட வழியில வச்சு இழுத்தா நல்ல தொளை புடிச்சு நிக்கும், அரிச்சது நிக்காம விழுந்துரும், ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா கொழந்தைக்கும் புரியும். பெரியவரோட ப்ரோபாக்ஸுக்கு நாங்க அப்படித்தான் செஞ்சோம், வந்த பழைய வால்வ் பாடில மொதல்ல பாத்தது வேக்கம் நிக்கல, திருப்பி அனுப்பிட்டோம், அடுத்தது நின்னுச்சு. கூலர் பைப்ப பழைய தூள் எல்லாம் போற வரைக்கும் கழுவி, கன்வெர்ட்டர மாத்தி, அந்த வண்டிக்கு சொல்லிருக்குற டைப் டி-4 ஆயிலயே ஊத்தி, சூடாக்கி கேஜ் மாட்டி அவர் கண்ணு முன்னாடியே காட்டுனோம். முள்ளு நடுங்காம நின்னத அவர் போன்ல படம் புடிச்சுக்கிட்டாரு.

டாக்டர்கிட்ட போனா அவர் சீட்டுலயே பிரஷர் எவ்வளவுன்னு எழுதித் தர்றாரு, அடுத்த டாக்டர் அதப் பாத்துதான் மேல யோசிக்கிறாரு. கியர்பாக்ஸுக்கும் அப்படி வேணும்னு கேக்குறேன். ஓவர்ஹால் பண்ணி வண்டிய குடுக்குறப்ப பில்லுலயே ஆயில் எத்தன டிகிரி சூட்டுல, டி-லயும் ரிவர்ஸ்லயும் ஐடில் எவ்வளவு ஸ்டால் எவ்வளவுன்னு எழுதிக் குடுக்கட்டும். வண்டிக்காரங்களும் கூச்சப்படாம மெக்கானிக்க கேளுங்க, சயா (இங்க மேஸ்திரிய அப்படித்தான் கூப்பிடுவோம்), வால்வ் பாடிய எப்படி சோதிச்சீங்க, ரெகுலேட்டர் வால்வு தொளை எப்படி இருந்துச்சு, பழைய பிளேட் ஏன் எரிஞ்சுச்சுன்னு கேளுங்க. இத கேட்டா கோவப்படுற ஆள்கிட்ட பணத்த குடுக்காதீங்க. நல்லா வேல செய்ற சயா சந்தோசப்படுவாரு, உக்கார வச்சு காட்டுவாரு.

என் தொழில்ல இருக்குற தம்பிங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். ரீமரும் வேக்கம் பம்ப்பும் எல்லாராலயும் வாங்க முடியாது, எனக்குத் தெரியும். வால்வ் பாடிய மட்டும் கழட்டி, உள்ள இருக்குற செக் பால் (சின்ன குண்டு) எது எங்க இருந்துச்சுன்னு படம் புடிச்சு வச்சுக்கிட்டு, சாமான் வச்சிருக்குற எடத்துக்கு அனுப்பி சோதிச்சு வாங்கலாம், கூலி கொஞ்சம்தான் ஆகும், வண்டிக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா அவரே குடுப்பாரு. கேஜ் மட்டும் எப்படியாவது ஒண்ணு வாங்கிருங்க.

வண்டி சோதிக்கிற அந்த 1.2 செகண்ட், 1.5 செகண்ட் கணக்க மட்டுமாவது உங்க பேப்பர்ல கட்டம் கட்டி போட்டீங்கன்னா எங்க ஆளுங்க வெட்டி வண்டில ஒட்டி வச்சுக்குவாங்க. மோல்மீன், தட்டோன் பக்கம் ஒர்க்ஷாப் கம்மியா இருக்குற ஊர்ல இருக்குறவங்களுக்கு இது ரொம்ப உதவும், அங்கிருந்து ரங்கூன் வரைக்கும் வழுக்குற வண்டிய ஓட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள மிச்சம் இருக்குற பிளேட்டும் எரிஞ்சிருது. அப்படி ஆச்சுன்னா ஓட்டிக்கிட்டு வராதீங்க, லாரில ஏத்தி அனுப்புங்க.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோ கியர் வேலைக்காரன்,
ரங்கூன்.